கத்தரிக்கு மண் சமைத்தல்

கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி ஆகியவை சொலனேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் கத்தரிக்கு நிலத்தைப் பண்படுத்தும் முறையில் உழவரின் நுண்ணறிவு தெளிவாகப் புலப்படுகிறது. கட்டிகள் உடைந்து மண் பொலபொலப்பாகும்வரை பலமுறை உழுது, கடைசி உழவில் எக்டேருக்கு 25 டன் மக்கிய தொழுவுரத்தைக் கலக்கும்போது, மணற்பாங்கான நிலம் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனையும், களிப்பாங்கான நிலம் காற்றோட்டத்தையும் பெறுகின்றன. கார அமில நிலை, அதாவது மண்ணின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் அளவு, 6.5 முதல் 7.5 வரை இருப்பது உகந்தது. பார் பிடித்து நடுவதால் மிகைநீர் வடிந்து, வேரழுகல் குறைகிறது. மண்வழிப் பரவும் பாக்டீரியா வாடல் நோய் இக்குடும்பப் பயிர்கள் பலவற்றைத் தாக்குமாதலால், கத்தரி விளைந்த நிலத்தில் உடனே தக்காளியையோ மிளகாயையோ நடாமல், இடையில் சோளம் போன்ற தானியப் பயிரை விதைப்பதே மண்ணறிந்த வேளாண்மையாகும்.