பரோட்டாக் கல்லும் குறும்படமும்

தமிழில் குறும்படம் எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அதைக் காட்டத்தான் இடமில்லை. கலைஞர் தொலைக்காட்சியில் 2009-ல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி, கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்களைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. கூடவே, குறும்படத்தைத் தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டாகவும் ஆக்கியது. கால்மணி நேரப் படத்துக்கு எந்தத் தியேட்டரும் டிக்கெட் கிழிக்காது. யூடியூபில் பார்வை எண்ணிக்கை கிடைக்கும். பார்த்தவர் முகம் கிடைக்காது.

சாப்பாட்டுக் கடைகளிலேயே படம் காட்டினால் என்ன என்ற யோசனை இங்குதான் பிறக்கிறது. லண்டனில் 'ஷார்ட்ஸ் ஆன் டாப்' குழுவினர் மதுக்கூடங்களில் குறும்படங்களைப் போட்டு, இயக்குநரையும் பேசவைக்கிறார்கள். நமக்கும் இது அந்நியமல்ல. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜெக்டரும் கூடாரமுமாகக் கிளம்பியபோது படம்தான் ஆளைத் தேடிப் போனது. இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கேரளத்தில் நடத்திய ஒடேசா இயக்கம், மக்களிடமே காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்து, ஊர் ஊராகத் திரையிட்டது. மதுரையில் 1998-ல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவும் வணிகத் தியேட்டரை நம்பி வளரவில்லை.

தூத்துக்குடியில் வைத்து இதை எடைபோட்டுப் பார்க்கலாம். 'நைட் கிளப்' என்றே பலகை மாட்டிய பரோட்டாக் கடைகள் உள்ள ஊர் இது. ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்து வேலையாக வந்தவர் அங்கே உட்கார்ந்து கைகழுவி எழக் கால்மணி நேரம் ஆகும். குறும்படத்தின் நீளமும் அவ்வளவுதான். அவர் படம் பார்க்க வந்தவரல்ல என்பதுதான் விசேஷம். விழா அரங்கில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் கூட்டத்தில் கிடைக்காத பார்வையாளர் அவர். நன்றாக இல்லையென்றால் அடுத்த பரோட்டாவைப் பிய்க்கப் போய்விடுவார். அதைவிட நேர்மையான விமர்சனம் இல்லை.

ஆனால் கடை படத்துக்காகக் கட்டியதல்ல. கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்தால் கல்லில் விழும் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். பார்சலுக்கு வந்தவர் திரைக்கு முன்னால் நிற்பார். விளக்கை அணைத்தால் இலையில் இருப்பது தெரியாது. அணைக்காவிட்டால் திரையில் இருப்பது தெரியாது. இத்தனைக்கும் நடுவே தாக்குப்பிடிப்பது சத்தமான நகைச்சுவையும் கடைசி நிமிடத் திருப்பமும்தான். மௌனத்தை நம்பி எடுத்த படம் முதல் நிமிடத்திலேயே தோற்கும். நாளடைவில் கடைக்கென்றே படம் எடுக்கும் பழக்கமும் வந்துவிடும்.

அடுத்தது கடைக்காரர். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு மேசையும் அவருக்குக் காசு. அதைவிட, வம்பு வேண்டாம் என்ற பயம் பெரிது. துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத் திரையிடல்களையே போலீஸ் தடுத்தது. 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட ஊரில், அந்த ஆலை பற்றிய படத்தை எந்த அண்ணாச்சி தன் கடையில் போடுவார்? "நமக்கு எதுக்கு தம்பி?" என்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. பொது இடத்தில் படம் காட்டத் தணிக்கைச் சான்று, உரிமம் என்று சட்டமும் குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது குறை பெரியது: யார் வரமாட்டார்கள்? டாஸ்மாக் பாரில் படம் போட்டால் பெண்கள் மொத்தமாக வெளியே. குளிரூட்டிய ரெஸ்டாரன்ட் என்றால், படம் இலவசம், காபி விலைதான் நுழைவுக் கட்டணம். இரவுக் காட்சி என்றால், இருட்டோடு எழுந்து உப்பளத்துக்குப் போகும் பெண்கள் அந்நேரம் தூங்கியிருப்பார்கள். அவர்கள் வாழ்க்கையைப் படமாக்கி, அவர்கள் வரமுடியாத நேரத்தில் காட்டி என்ன பயன்?

இத்தனை குறை இருந்தாலும் இந்த யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை, நிபந்தனையோடு ஏற்கலாம். ஊருக்கு ஏற்ற நேரம், அடுப்புக்குத் தள்ளி ஒரு முற்றம், வசனத்தை அதிகம் நம்பாத படங்கள், படம் எடுத்தவருக்குக் கையில் ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் முடிந்ததும் பத்து நிமிடப் பேச்சு. தினத்தந்தியை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சண்டைபோட்ட டீக்கடை மரபு நம்முடையது. வாதம் செய்ய நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காத கடையில் நடந்தது திரையிடல் அல்ல. டிவியில் சேனல் மாற்றியது, அவ்வளவுதான்.