திரைப்படப் பாடத்தில் மொழியின் இடம்

பல்கலைக்கழகப் படிப்புக்கு முந்திய நிலையிலேயே திரைப்படத்தைத் தனிப்பாடமாக வைத்த நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. அங்கு எடுக்வாஸ் தேர்வுக்குழு 2017இல் தொடங்கிய ஏ லெவல் பாடத்திட்டம், எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும், மாணவர் தாமே உருவாக்கும் குறும்படம் அல்லது திரைக்கதைக்கு 30 விழுக்காடும் வகுத்தது. ஒளிப்பதிவு, காட்சியமைப்பு, படத்தொகுப்பு, ஒலி, நடிப்பு ஆகிய ஐந்தும் திரைவடிவின் அடிப்படைக் கூறுகளாக அமைந்தன. படத்தைக் கதையாகச் சுருக்கிக் கூறும் பழக்கத்தினின்று மாணவரை விலக்க இப்பாகுபாடு பெரிதும் உதவும்.

ஆயின் இவ்வைந்தனுள் மொழிக்குத் தனியிடம் இல்லை. உரையாடல், ஒலி என்னும் கூற்றினுள் இசையோடும் பின்னணி ஓசையோடும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலப் படங்களைப் பயிலுங்கால் இக்குறை புலப்படுவதில்லை. உலகத் திரைப்படப் பகுதியில்தான் புலப்படுகிறது. அங்கே மாணவருள் பெரும்பாலோர்க்குப் பாடம் என்பது சப்டைட்டில் எனப்படும் அடிவரி மொழிபெயர்ப்பே.

அப்பகுதிக்கு வைக்கப்பெற்ற படங்களுள் ஒன்று மணிரத்னத்தின் 'தில் சே' (1998). அதன் 'ஜியா ஜலே' பாடலில் லதா மங்கேஷ்கர் இந்தியில் பாட, எம்.ஜி. ஸ்ரீகுமாரும் குழுவினரும் இடையிடையே மலையாளத்தில் பாடுகின்றனர். பாடலுக்குரிய பெண் கேரளத்தவள். இந்தி மட்டும் அறிந்தவருக்கு அவ்வரிகள் விளங்கா. விளங்காமையே அவளுடைய ஊரையும் உறவையும் உணர்த்திவிடுகிறது. இரு மொழிகளையும் ஒரே ஆங்கிலமாக்கினால் அந்த மாற்றம் மறைந்துபோகும். மலையாளத்தை மொழிபெயர்க்காது விட்டால் அது வெறும் இசையாகிவிடும். இப்படத்தின் தமிழ்ப் பதிப்பான 'உயிரே'யிலும் மலையாள வரிகள் உள்ளன. தமிழ்ச் செவிக்கோ அவை பாதி விளங்கும் உறவுமொழி. மலையாளம் ஒன்றே, கேட்போருக்கேற்ப அதன் பணி வேறாகிறது.

இதனைப் பாட்டுக்கு மட்டும் உரிய நுட்பமாகத் தள்ளிவிட இயலாது. கதைத்தலைவன் தில்லி வானொலியைச் சேர்ந்தவன், தலைவி வடகிழக்கினள். அவர்கள் எம்மொழியில் பேசிக்கொள்கின்றனர் என்பதே அரசியல். சமூக, அரசியல் பின்புலத்தை எழுதச் சொல்லும் தேர்வு, அப்பின்புலம் ஒலிக்கும் மொழியைக் கேளாமலே எழுத இடந்தருகிறது. நடிப்பைப் பற்றிய விடைக்கும் இஃது பொருந்தும்: குரலின் தயக்கம் நடிகருடையது, அடிவரியிலுள்ள சொற்களின் தயக்கம் மொழிபெயர்ப்பாளருடையதாகவும் இருக்கலாம்.

மாணவர் இந்தி கற்க வேண்டுமென்பதன்று. ஒரே காட்சிக்கு அமைந்த இருவேறு சப்டைட்டில்களை ஒப்பிடும் ஒரு வினா போதும். ஏறத்தாழ 40 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகளுக்குள் எது நின்றது, எது நீங்கியது என்பதைப் பதினேழு வயது மாணவர் எளிதிற் கண்டுகொள்வர்.