கேமரா எங்கே தொங்குகிறது?

பாறை ஏறுபவர்களின் புகைப்படம் ஒன்று பத்திரிகையில் வந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கீழே தெரியும் பள்ளத்தைப் பார்ப்போம், “அம்மாடி!” என்போம், பக்கத்தைப் புரட்டிவிடுவோம். உயரத்தைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டோம். உண்மையில் இந்த வகைப் படங்களில் மலிவாகக் கிடைப்பது உயரம்தான். அகலக்கோண லென்ஸை மாட்டிக் கீழ்நோக்கிப் பிடித்தால் மூன்றாம் மாடியைக்கூட அதலபாதாளமாகக் காட்டிவிடலாம்.

ரசிக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது இது: எடுத்தவர் எங்கே இருந்தார்?

தரையில் நின்று எடுத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். ஏறுபவரின் பிட்டமும் காலணியின் அடியும்தான் படத்தில் பிரதானமாக இருக்கும். முகம் இருக்காது, கை எதைப் பிடித்திருக்கிறது என்பதும் தெரியாது. பாறையேறிகளே இவ்வகைப் படங்களைக் கேலி செய்வார்கள், ஆனாலும் அவர்களுடைய கைப்பேசிகளில் நிறைந்திருப்பதும் இவைதான். மாறாக, முகம், விரல்கள், அவற்றுக்குக் கீழே உடம்பு, அதற்கும் கீழே ஆறும் மரங்களும் என்று எல்லாம் ஒரே படத்தில் வந்திருந்தால், எடுத்தவர் ஏறுபவருக்கு மேலே இருந்திருக்கிறார். செங்குத்துப் பாறையில் மேலே இருப்பது என்றால் தொங்குவது என்று பொருள்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் எல் கேப்பிட்டனை எடுத்துக்கொள்வோம். சுமார் 3,000 அடிக்கு எழுந்து நிற்கும் கிரானைட் சுவர். அதன் உச்சிக்குப் பின்பக்கமாக நடந்தே போக வழி உண்டு. புகைப்படக்காரர் தண்ணீர், உணவு, கேமரா, நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அப்படி மேலே போகிறார். உச்சியில் கயிற்றைக் கட்டி விளிம்பைத் தாண்டி இறங்குகிறார். ஏறுபவரின் கயிறு, விழுந்தால் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இவருடைய கயிறு அப்படி நீளாது. அதில் ஜூமார் என்ற பற்கள் வைத்த பிடிகள் இரண்டை மாட்டி, ஒன்றை மேலே தள்ளி, காலால் மிதித்து எழுந்து, அடுத்ததைத் தள்ள வேண்டும். ஏறுபவர் பத்தடி போனால் இவரும் அப்படியே பத்தடி போக வேண்டும். பாறை வெளிநோக்கிச் சரிந்திருக்கும் இடத்தில் தொங்கும் ஆள் மெல்லச் சுழல ஆரம்பிப்பார். காலை நீட்டிச் சுவரை எட்டி, உடம்பை நிறுத்தி, அந்த ஒரு நொடியில் எடுக்க வேண்டும். லென்ஸ் மூடி கைநழுவினாலும் கீழே இருப்பவர் தலைக்கு ஆபத்து. ஆகவே எல்லாமே நாடாவால் கட்டப்பட்டிருக்கும். அந்தரத்தில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க இரண்டு கேமராக்களை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

“அதான் டிரோன் வந்துவிட்டதே” என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோனுக்குத் தடை. எல் கேப்பிட்டனின் நெருக்கமான படம் ஒன்றைப் பார்த்தால், ஒருவர் தொங்கியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படித் தனியாகக் கயிறு கட்டி இறங்கி எடுப்பதெல்லாம் பிறகு வந்த வசதி. அதற்கு முந்தைய படங்களை ரசிப்பதற்கு டாம் ஃப்ராஸ்ட்தான் என் முதல் பரிந்துரை. படிப்பால் பொறியாளர். எல் கேப்பிட்டனின் ‘நோஸ்’ பாதையில் 1960இல் இரண்டாவதாக ஏறிய நால்வரில் ஒருவர். 1961இல் ‘சலாதே வால்’, 1964இல் ‘நார்த் அமெரிக்கா வால்’ ஆகியவற்றில் முதலில் ஏறிய குழுக்களிலும் இருந்தார். சட்டையோடு சட்டையாக ஒரு சிறிய லைக்கா. அவர் படமெடுக்கப் போனவரல்ல, ஏறப் போனவர். இரும்பு ஆணி அடிக்கும் முறை அவருக்கும் வரும், மூட்டை இழுக்கும் முறையும் வரும். இடையில் கை ஓய்ந்த நேரத்தில்தான் கேமரா. கறுப்பு வெள்ளைச் சுருள், அதிலும் சுருளுக்கு 36 படங்கள்தான்.

‘நார்த் அமெரிக்கா வால்’ பயணத்தில் ஒரு பெரிய பாறைக்கூரையின் கீழே தூளி கட்டி அந்தரத்தில் தூங்கினார்கள். அந்த இரவுத்தங்கலின் படம் ஃப்ராஸ்ட் எடுத்தது. தூளிகளைப் பார்த்து வியந்த பிறகு, குழுவில் இருந்தது நான்கு பேர் என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எடுத்தவரும் அதே கூரையின் கீழ், அதே களைப்போடு, அதே தாகத்தோடு தொங்கியவர்தான். ஃப்ராஸ்டின் படங்களில் இருப்பவர்கள் கேமராவைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கயிற்றின் மறுமுனையில் இருப்பவரைப் பார்த்து யார் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள்? இன்றைய வண்ணப்படங்கள் எத்தனையோ நேர்த்தியாக இருக்கலாம். அந்த நெருக்கம் அவற்றில் அபூர்வம்.

இனி, ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை. கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சாதுவான சரிவும் செங்குத்தாகிவிடும். இது பழைய தந்திரம். ஆனால் புவியீர்ப்பைச் சாய்க்க முடியாது. படத்தில் மரங்கள் இருந்தால் அவை எந்தப் பக்கம் வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தாராளமாகத் தொங்கும் கயிறு, இடுப்பில் ஆடும் பொடிப்பை, பின்னல் எல்லாமே தூக்குக்குண்டுதான். எல்லா மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால், சாய்ந்தது மரமல்ல.

அடுத்து, கயிறு எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் படங்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். இடுப்பிலிருந்து கயிறு மேலே போனால், மேலேயிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள். கை நழுவினாலும் ஓரிரு அடி இறங்கித் தொங்குவார், அவ்வளவுதான். எத்தனை ஆழம் தெரிந்தாலும் பதற வேண்டாம். கயிறு கீழே போனால் அது கடைசியாக எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று தேடுங்கள். கொக்கி இடுப்புக்குப் பத்தடி கீழே இருந்தால், விழுகிறவர் அந்தப் பத்தடியையும் தாண்டி, அதற்கும் கீழே இன்னொரு பத்தடி போவார். கயிறு நீள்வது தனிக்கணக்கு. இருபதடி உயரப் பாறையில் எடுத்த படம், ஆயிரமடி உயரத்தில் எடுத்த படத்தைவிடப் பயங்கரமானதாக இருப்பது இப்படித்தான்.

பிறகு உடம்புக்கு வாருங்கள். முகத்தில் பல்லைக் கடித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். நேராக நீட்டித் தொங்கும் கை ஓய்வெடுக்கிறது, மடங்கிய கை உழைக்கிறது. விரிசலுக்குள் கை நுழைந்திருந்தால், உள்ளே கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, கை பருத்து, ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது என்று பொருள். அந்த ஆள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, சொருகப்பட்டிருக்கிறார். கால்விரல் நுனி எதன்மேல் நிற்கிறது என்று தேடினால் சில படங்களில் விடையே கிடைக்காது. ரப்பரும் கல்லும் உரசும் உராய்வுமட்டும்தான் அங்கே தாங்குகிறது. நல்ல படக்காரர் இதையெல்லாம் மறைக்காத கணத்தில் ஷட்டரை அழுத்துவார். ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடியை இன்னும் தொடாத கணம் எளிதில் கவரும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கணம்: கண் அடுத்த பிடியில் இருக்கிறது, கை இன்னும் கிளம்பவில்லை.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புகைப்படக்காரருக்குச் சூரியன் வேண்டும், ஏறுபவருக்குப் பெரும்பாலும் வேண்டாம். வெயிலில் விரல் வியர்க்கும், வியர்த்தால் வழுக்கும். பையிலிருக்கும் வெள்ளைப் பொடியும் ஓரளவுதான் காப்பாற்றும். கடினமான ஏற்றங்களை நிழலிலும் குளிரிலும்தான் வைத்துக்கொள்வார்கள். எனவே, மாலைப் பொன்வெயிலில் குளித்தபடி ஒருவர் மிகக் கடினமான இடத்தில் தொங்கும் படத்தைக் கண்டால், இது நிஜ முயற்சியா, படத்துக்காக மறுபடி ஏறியதா என்று யோசிப்பதில் தவறில்லை. எதிர் உதாரணமாக ‘டான் வால்’ படங்களைப் பாருங்கள். டாமி கால்டுவெல்லும் கெவின் ஜோர்ஜெசனும் எல் கேப்பிட்டனின் அந்தப் பகுதியை 2014 டிசம்பர் இறுதியில் தொடங்கி, 19 நாள் சுவரிலேயே தங்கி, 2015 ஜனவரி 14 அன்று முடித்தார்கள். காலையின் முதல் வெயில் விழும் சுவர் அது. பெயரே அதனால் வந்தது. ஆகவே பல முக்கியமான இடங்களை இருட்டிய பிறகு, நெற்றி விளக்கோடு ஏறினார்கள். கோரி ரிச் போன்றவர்கள் எடுத்த அந்தப் படங்களில் கறுப்புக்கு நடுவே ஒரு சிறு வட்ட வெளிச்சம் இருக்கும். பார்ப்பவர் அதை நாடகம் என்று நினைத்துவிடக் கூடும். அந்த இருட்டு விரல் தோலுக்காக.

மறுபடி ஏறி எடுப்பது மோசடியா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் ஜார்ஜ், ஆஷ்லி ஆப்ரகாம் சகோதரர்கள் 1890களில் கண்ணாடித் தகடு போடும் கனத்த கேமராவைப் பாறைகளுக்குத் தூக்கிப் போனார்கள். ஒளிபதிய நேரம் பிடிக்கும். ஏறுபவர் பிடித்த பிடியோடு சிலையாக நின்றாக வேண்டும். இன்றும் அப்படி நடப்பதுண்டு. பாறையேறி அலெக்ஸ் ஹானால்ட் 2008இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைக் கயிறில்லாமல் ஏறியபோது கூட யாரும் இல்லை. அந்தப் பாறையின் குறுகலான விளிம்பில் அவர் முதுகைச் சுவரில் ஒட்டி நிற்கும் படம் 2011 மே மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. புகைப்படக்காரர் ஜிம்மி சின் பின்னொரு நாள் எடுத்தது. நின்றது நிஜம், இடம் நிஜம், பள்ளம் நிஜம். முதல் ஏற்றத்தின் பதிவு என்று சொன்னால்தான் பொய்யாகும். படத்தின் கீழே இருக்கும் இரண்டு வரிகளைப் படிக்காமல் இவ்வகைப் படத்தைப் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது.

கேமரா அங்கே இருப்பதே ஏறுபவரின் உயிரை வாங்கிவிடுமோ என்ற கவலை வந்துவிட்டால் படக்காரர் என்ன செய்வார்? 2017 ஜூன் 3 அன்று அதே ஹானால்ட் எல் கேப்பிட்டனைக் கயிறின்றி 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். எலிசபெத் சாய் வசர்ஹெலியும் ஜிம்மி சின்னும் இயக்கிய ‘ஃப்ரீ சோலோ’ படத்தைப் பார்க்கிறவர்கள் ஹானால்டைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை ஒளிப்பதிவாளர்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் தேர்ந்த பாறையேறிகள். பாதிக்கு மேலே வரும் மிகக் கடினமான இடத்தில் ஆளையே நிறுத்தாமல், தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள். கீழே புல்வெளியில் பெரிய லென்ஸோடு நின்ற ஒருவர் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்கிறார். எடுக்காமல் விலகி நிற்பதும் இந்த வேலையில் ஒரு திறமை என்பதை அந்தப் படம்போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஒரே ஒரு படத்தைத் தேடிப் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு: ஹைன்ஸ் ஸாக் 1986இல் எடுத்தது. யோசெமிட்டியில் ‘செபரேட் ரியாலிட்டி’ என்ற பாதை. பாறை கூரைபோலக் கிடைமட்டமாக நீள்கிறது, அதை ஒரு விரிசல் பிளந்திருக்கிறது. ஜெர்மானியரான வோல்ஃப்காங் கூலிஷ் கயிறில்லாமல் அந்தக் கூரையில் தொங்குகிறார், கீழே பள்ளத்தாக்கு. இதுவரை சொன்னதையெல்லாம் வைத்துப் பாருங்கள்: தேடினாலும் கயிறு கிடைக்காது, கைகளும் கால்களும் விரிசலுக்குள் சொருகப்பட்டிருக்கின்றன, கேமரா கிட்டத்தட்ட அவர் மட்டத்தில், பக்கத்திலேயே. கூலிஷ் 1992இல் சாலை விபத்தில் இறந்தார். ஆஸ்திரியரான ஸாக், 2005இல் அதே கூரையில் அதேபோலக் கயிறில்லாமல் தாமே ஏறினார், தாம் படமெடுத்து 19 ஆண்டுகள் கழித்து. அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று எடுத்தவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதைப் பிழைப்பாகக் கொண்டவர்களின் வாழ்க்கை, வெளியிலிருந்து பார்க்கத்தான் சுற்றுலா. பருவம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போய் முகாமில் கிடப்பது, மூட்டை சுமப்பது, மழை விடக் காத்திருப்பது, பிறகு படத்தைப் பத்திரிகைக்கோ பொருள் விற்கும் நிறுவனத்துக்கோ விற்பது. கேலன் ரோவெல் பெர்க்லியில் வைத்திருந்த கார் பழுதுபார்க்கும் கடையை 1972இல் விற்றுவிட்டு இதில் இறங்கினார். அடுத்த ஆண்டே ஹாஃப் டோமில் சுத்தியலோ ஆணியோ இல்லாமல், பாறையில் வடு விழாமல் ஏறிய மூவரில் ஒருவரானார். அந்தக் கதை 1974இல் நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வந்து அவர் பெயரை நிலைநாட்டியது. லாசாவின் பொத்தாலா அரண்மனைமேல் வானவில் விழும் புகழ்பெற்ற படமும் அவருடையதுதான். வானவில்லும் அரண்மனையும் ஒரே கோட்டில் வரும் இடத்துக்கு ஓடிப்போய் எடுத்தார். காலில் வலுவில்லாதவருக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

படங்களில் கண் பழகிய பிறகு, நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்நாடகத்தில் ஹம்பியின் உருண்டைப் பாறைகளிலும் பாதாமியின் சிவப்பு மணற்பாறைகளிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறுபவர்களைப் பார்க்கலாம். காலையிலும் மாலையிலும் போங்கள், வெயில் நேரத்தில் யாரும் ஏறமாட்டார்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஏறுகிறவரைக் கூப்பிட்டுக் கையசைக்கச் சொல்லாதீர்கள். முக்கியமாக, படமெடுக்கும் ஆசையில் அவருக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள், கல் விழும். படமும் நன்றாக வராது.