வளையத்தடியில் காலியிடம்

2025 ஏப்ரல் 30 இரவு மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி, மூன்று புள்ளி வீச்சை 47 முறை முயன்று 7 முறைதான் வளையத்துக்குள் போட்டது. இன்றைய என்பிஏ கூடைப்பந்தில் அப்படி எறிந்த அணி பெரும்பாலும் தோற்கும். மினசோட்டா 103-96 என்று ஜெயித்தது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை பிளேஆஃப் முதல் சுற்றிலேயே 4-1 என்று வெளியேற்றியது. காரணம் ரூடி கோபேர். 7 அடி 1 அங்குலம். அன்று 27 புள்ளி, 24 ரீபவுண்டு. தவறிய பந்தெல்லாம் வளையத்தில் பட்டு எகிறும்போது, அதை எட்டிப் பிடிக்க அவர் உயரத்துக்கு லேக்கர்ஸ் பக்கம் ஆளில்லை.

சரியாகச் சொன்னால், ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழடி உயர ஜாக்சன் ஹேய்ஸை அன்று பயிற்சியாளர் ஜேஜே ரெடிக் களத்தில் இறக்கவேயில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தின் பின்பாதி முழுவதையும் சென்டர் (வளையத்தடியில் நிற்கும் நெட்டையர்) இல்லாத அதே ஐந்து பேரை வைத்தே ஓட்டினார். பலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகவே பட்டது: நம்மிடம் இருக்கும் நெட்டையரை நம்பி இறக்குவதைவிட நெட்டையரே இல்லாமல் ஆடுவது மேல் என்று ஒரு பயிற்சியாளர் ஊரறியச் சொல்லிவிட்டார். அதன்பின் நிர்வாகத்துக்கு அந்தக் கோடையில் வேறு வேலை இருந்திருக்க முடியாது.

இந்தக் காலியிடம் உருவான விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஜனவரியில்தான் அந்தோணி டேவிஸ், அணிக்கு இன்னொரு நெட்டையர் வேண்டும், தான் சென்டர் இடத்திலிருந்து விலகி ஆட விரும்புகிறேன் என்று வெளிப்படையாகப் பேசினார். சில நாளில் அவரையே டல்லஸுக்குக் கொடுத்துவிட்டு லூகா டோன்சிச்சை வாங்கினார்கள். 25 வயது மேதை கிடைக்கும்போது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு நெட்டையர் போதாது என்றிருந்த வீட்டில் அந்த ஒருவரும் போய்விட்டார். அவசரமாக சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸுக்கு விலை பேசினார்கள். புதுமுக வீரர் டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ், 2031இன் முதல்சுற்று டிராஃப்ட் தேர்வு, 2030இல் தேர்வுரிமை மாற்றம்: இவ்வளவும் கொடுக்கச் சம்மதம். பிறகு மருத்துவப் பரிசோதனை. அதில் வில்லியம்ஸ் தேறவில்லை என்று ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிறு மாற்ற மாட்டார்கள். இங்கே கயிறு கைமாறிய பிறகு பல் பார்த்த கதை. வில்லியம்ஸ் தன் முதல் மூன்று பருவங்களில் மொத்தம் 106 ஆட்டங்களே ஆடியவர். முழுதாக ஆடியிருந்தால் அது 246. அந்த எண்ணைப் பார்க்க எக்ஸ்ரே தேவையில்லை. பரிமாற்றக் கெடு அதற்குள் முடிந்திருந்ததால், வாஷிங்டன் விடுவித்த அலெக்ஸ் லெனைச் சேர்த்துக்கொண்டு லேக்கர்ஸ் பருவத்தை ஒப்பேற்றியது.

கோடையில் விலைக்கு வரும் எந்த நெட்டையரிடமும் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். எல்லாம் பொருந்திய சென்டரை எந்த அணியும் சந்தைக்கு அனுப்புவதில்லை. உடம்பு, வயது, கை லாகவம், மனப்போக்கு இவற்றில் எது குறைந்தாலும் நம்மால் குடித்தனம் நடத்த முடியும் என்று தீர்மானிப்பதுதான் இந்த வியாபாரத்தின் சாரம். அந்தத் தீர்மானத்தை எடுக்கும் முன் அணியின் நாயகன் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும்.

டோன்சிச்சுக்கு என்ன வேண்டும் என்பதற்கு 2024லேயே விடை இருந்தது. அந்த ஆண்டு மேற்கு மண்டல இறுதியில், இதே மினசோட்டாவை, இதே கோபேரை, அவருடைய டல்லஸ் அணி 4-1 என்று வென்றது. அப்போது அவர் பக்கத்தில் டெரிக் லைவ்லி, டேனியல் கஃபோர்ட் என்று இரண்டு நெட்டையர்கள் மாறிமாறி ஆடினார்கள். இருவரும் தூரத்திலிருந்து எறியத் தெரியாதவர்கள். ஆனால் திரை போட்டுவிட்டு வளையத்தை நோக்கிப் பாய்வார்கள். டோன்சிச் பந்தை ஆகாயத்தில் தூக்கிப் போடுவார். அவர்கள் அதை அப்படியே உள்ளே அறைவார்கள். பாய்பவரைத் தடுக்க எதிரணிக்காரர் பின்வாங்கினால் டோன்சிச் எறிவார், முன்வந்தால் பந்து தலைக்கு மேலே போகும். எதிரணிச் சென்டருக்கு இரண்டு பக்கமும் இடி. அதே டோன்சிச், அதே கோபேர், அதே 4-1, ஓராண்டு கழித்துத் திசை மாறிப்போனது. இடையில் நடந்ததற்கெல்லாம் நெட்டையர் இல்லாமைதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் அதுதான்.

இனிப் பணம். என்பிஏவில் காசு இருப்பதால் மட்டும் ஆளை வாங்கிவிட முடியாது. 2025-26 பருவத்துக்குச் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். அதைத் தாண்டிய அணிகள் வெளியாளைச் சேர்க்கச் சில சலுகைகளே உண்டு. அவற்றில் பெரியது 1.41 கோடி டாலர். அதை முழுதாகப் பயன்படுத்தும் அணி, மொத்தச் சம்பளத்தில் சுமார் 19.6 கோடியைப் பருவம் முழுக்கத் தாண்டக் கூடாது. தாண்டும் அணிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 57 லட்சம்தான். லேக்கர்ஸின் கதை இங்கே ஒரு விசித்திரமான திருப்பம் எடுத்தது. சென்டர் இல்லாத அந்த ஐவரில் நெட்டையர் வேலையைப் பார்த்த டோரியன் ஃபினி-ஸ்மித், தன் கடைசி ஆண்டுச் சம்பளம் 1.54 கோடியை வேண்டாம் என்று விட்டு ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அவர் போனதால்தான் அந்தப் பெரிய சலுகையைத் தொட லேக்கர்ஸுக்கு வழி பிறந்தது. ஓட்டையை அடைத்திருந்த சாக்கை உருவி, அதை விற்றுக் கதவு வாங்கியதுபோல.

சந்தையில் இருந்தவர்களைப் பார்ப்போம். மைல்ஸ் டர்னர் லேக்கர்ஸின் கைக்கு எட்டாதவர். அவரை எடுக்க மில்வாக்கி, டேமியன் லில்லார்டையே விடுவித்து, அவர் சம்பளத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிவைத்தது. ப்ரூக் லோபஸ் மூளைக்காரர், எறியத் தெரிந்தவர். ஆனால் அப்போது 37 வயது. வளையத்தை நோக்கிப் பாயும் ஆட்டம் அவருடையதல்ல. அவர் அதே ஊரின் கிளிப்பர்ஸுக்குப் போனார். கிளின்ட் கபேலா பாய்பவர். அவரை ஹூஸ்டன் கொண்டுபோனது. ஏற்கெனவே ஷெங்கூனும் ஸ்டீவன் ஆடம்ஸும் இருக்கும் வீட்டில் மூன்றாவது நெட்டையர்! கொஞ்சம் பதுக்கல் போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு பிளேஆஃப் முதல் சுற்றில் ஷெங்கூனையும் ஆடம்ஸையும் சேர்த்து இறக்கித்தான் கோல்டன் ஸ்டேட்டோடு ஏழாவது ஆட்டம் வரை மல்லுக்கட்டியிருந்தார்கள். கண்ட பலனை வைத்துச் செய்த பதுக்கல் அது.

பரிமாற்ற வழியும் இருந்தது. யூட்டாவின் வாக்கர் கெஸ்லர், புரூக்ளினின் நிக் கிளாக்ஸ்டன் என்று பெயர்கள் அடிபட்டன. ஆனால் லேக்கர்ஸிடம் மாற்றுவதற்கு ஒரே ஒரு முதல்சுற்றுத் தேர்வும், ருயி ஹாசிமுரா போன்ற சில நடுத்தரச் சம்பளங்களுமே இருந்தன. ஒற்றைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவன் அதை முதல் ஆட்டத்திலேயே இறக்கத் தயங்குவான். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மார்க் வில்லியம்ஸுக்காக ஒருமுறை கிட்டத்தட்ட இறக்கிவிட்டுத் தப்பித்தவர்கள் அவர்கள்.

மிஞ்சியது மூன்றாவது வழி: இன்னொரு அணி கணக்குத் தீர்த்து அனுப்பும் ஆளுக்காகக் காத்திருப்பது. போர்ட்லேண்ட், டிஆண்ட்ரே ஏட்டனை அப்படி அனுப்பியது. அவருடைய ஓராண்டுச் சம்பளம் சுமார் 3.56 கோடி டாலர். அதில் ஏறக்குறைய ஒரு கோடியை அவர் விட்டுக்கொடுத்தார் என்று செய்திகள் வந்தன. லேக்கர்ஸ் முதலாண்டுக்குக் கொடுத்தது 81 லட்சம். அதாவது அந்த ஆளின் சம்பளத்தில் பெரும்பங்கை எதிரணி கட்டுகிறது, ஆட்டத்தை நாம் அனுபவிக்கிறோம். முந்தைய பருவத்தில் சராசரி 14 புள்ளி, 10 ரீபவுண்டு எடுத்த ஏழடிக்காரர் இந்த விலைக்கு வேறு வழியில் வரவே மாட்டார்.

பிறகு ஏன் போர்ட்லேண்ட் காசு கொடுத்து அனுப்பியது? டோனவன் கிளிங்கன் என்ற இளம் நெட்டையர் அங்கே வளர்ந்துகொண்டிருந்தார்; அந்த ஜூனில் சீனாவின் யாங் ஹான்செனையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அது பாதிக் காரணம்தான். இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, விலைபோகக்கூடிய சரக்கை யாரும் தெருவில் வைப்பதில்லை. அந்தச் சம்பளத்துக்கு எந்த அணியும் அவரைப் பரிமாற்றத்தில் கேட்டு வராததே மீதிக் காரணமாக இருக்க வேண்டும். முந்தைய பருவத்தில் அவர் ஆடியது 40 ஆட்டங்கள்தான். இந்தத் தள்ளுபடிச் சந்தையின் முதல் குறை இது: விலை குறைவு என்பதே ஒரு மருத்துவச் சான்றிதழ், அதைப் படிக்காமல் மகிழ்ந்துவிடுகிறோம்.

ஏட்டனின் கதையில் டோன்சிச் வேறு குறுக்கே குறுக்கே வருகிறார். 2018 டிராஃப்டில் முதல் இடத்தில் ஏட்டனை எடுத்தது பீனிக்ஸ்; டோன்சிச் மூன்றாமவர். பீனிக்ஸின் அப்போதைய பயிற்சியாளர் இகோர் கோகோஷ்கோவ், டோன்சிச்சை வைத்து ஸ்லோவீனியாவை ஐரோப்பிய சாம்பியனாக்கியவர் என்பது இன்னும் கசப்பு. 2021இல் ஏட்டன் அந்த முடிவை நியாயப்படுத்திவிடுவார் போலிருந்தது. கிளிப்பர்ஸுக்கு எதிராக 0.9 வினாடி மிச்சமிருக்கையில் ஜே கிரவுடர் வெளியிலிருந்து தூக்கிப்போட்ட பந்தை உள்ளே தள்ளி ஆட்டத்தை வென்றார். பீனிக்ஸ் இறுதிப்போட்டி வரை போனது. மறு ஆண்டு எல்லாம் கவிழ்ந்தது. பருவத்தில் 64 வெற்றி கண்ட பீனிக்ஸ், சொந்த அரங்கில் ஏழாவது ஆட்டத்தில் டல்லஸிடம் 123-90 என்று நொறுங்கியது. இடைவேளையில் டோன்சிச் தனியாளாக 27 புள்ளி, பீனிக்ஸ் அணி மொத்தமும் 27 புள்ளி. ஏட்டன் அன்று ஆடியது 17 நிமிடம். அதன்பின் அன்று அவரைத் திரும்பக் களத்தில் இறக்கவில்லை.

அவருடைய குறை எங்கே இருக்கிறது என்பதை ஆட்டம் பார்ப்பவர்கள் அறிவார்கள். அந்த உடம்புக்கு அவர் வளையத்தைப் போதுமான அளவு மோதுவதில்லை. மோதி, இடிபட்டு, இலவச வீச்சுக் கோட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் நின்று, மென்மையாக எறிவார். அந்த எறி அழகானது; விழவும் செய்யும். ஆனால் டோன்சிச்சுக்கு வேண்டிய பாய்ச்சல் அதுவல்ல. இதற்கு மறுபக்கமும் உண்டு. பந்தைக் கையில் வைத்து விளையாட்டை நடத்த வேண்டிய பொறுப்பு இல்லாதபோது, நல்ல கைகள் கொண்ட ஒரு நெட்டையர் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போனாலே போதும். பீனிக்ஸில் கிறிஸ் பால் பந்து கொடுத்த காலத்தில்தான் ஏட்டன் சிறந்து விளங்கினார். அதனால் தாக்குதல் பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். அவருடைய சோம்பலைக்கூட டோன்சிச்சின் பாஸ் ஓரளவு மறைக்கும்.

தடுப்பாட்டம் வேறு விஷயம். டோன்சிச் வேகமான காவலர்களிடம் அடிபடுபவர். லெப்ரான் ஜேம்ஸுக்கு அந்தக் கோடையில் வயது 40. முன்வரிசை உடைந்தால் பின்னால் நிற்பவர்தான் கோட்டைச் சுவர். 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு ஒரு பிளாக் என்ற அளவில் இருந்தவரை அந்தச் சுவராக நினைப்பது கடினம். லேக்கர்ஸுக்கு இருந்த இரட்டைத் தேவையில் ஒன்றை இந்தக் கோடை தீர்த்தது, மற்றதற்கு ஹேய்ஸோடு இன்னோர் ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஏப்ரலில் இறக்கவே தயங்கிய அதே ஹேய்ஸ்! 2020இல் இதே அணி கோப்பை வென்றபோது, ஜவேல் மெகீ, டுவைட் ஹவர்ட் என்று மலிவு விலை நெட்டையர் இருவரை வைத்தே சமாளித்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் மலிவாக இருக்க முடிந்ததற்குக் காரணம், நெருக்கடியில் சென்டராக மாறுவதற்கு டேவிஸ் பக்கத்தில் நின்றதுதான். ஏட்டன் தடுமாறும் இரவில் ரெடிக் யாரைத் திரும்பிப் பார்ப்பார்?

இதற்கு நேர் எதிரான பாதையில் போனது ஓக்லஹோமா சிட்டி. 2024 கோடையில் ஐசையா ஹார்டென்ஸ்டைனுக்கு மூன்றாண்டுக்கு 8.7 கோடி டாலர் கொடுத்தது. ஏழடி செட் ஹோம்கிரன் இருக்க இன்னொருவர் எதற்கு என்று கேட்டார்கள். அடுத்த ஜூனில் கோப்பை வந்தது. ஆனால் இந்த உதாரணத்தை அளவாகவே பயன்படுத்த வேண்டும். அவர்களின் இளம் நட்சத்திரங்கள் பலர் இன்னும் ஆரம்பகாலச் சம்பளத்தில் இருந்தார்கள். அதனால்தான் பணப்பை திறந்தது. அத்தனை கொடுத்து வாங்கியவரையும் இந்தியானாவுக்கு எதிரான இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் தொடக்க ஐவரிலிருந்து விலக்கித்தான் ஆடினார்கள், நான்காவது ஆட்டத்தில் திரும்பக் கூட்டிவந்தார்கள். நெட்டையரை வைத்திருப்பது வேறு, எந்த இரவில் அவரை உட்காரவைக்கலாம் என்ற சுதந்திரத்தை வைத்திருப்பது வேறு. ஓக்லஹோமா வாங்கியது இரண்டாவதை.

ஏட்டனின் ஒப்பந்தத்தில் என்னை உறுத்துவது ஆட்டக் குறைகளைவிட அதன் இரண்டாவது ஆண்டு. சுமார் 1.66 கோடிக்கு இரண்டாண்டு என்று எழுதியிருந்தாலும், இரண்டாம் ஆண்டில் இருப்பதா போவதா என்பது அவர் கையில். அவர் பாய்ந்து பாய்ந்து ஆடி, டோன்சிச்சோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டால், அந்த விருப்பத்தைக் கைவிட்டுச் சந்தைக்குப் போவார். ஓராண்டு மட்டுமே ஆடியவரைத் தக்கவைக்க அணிக்கு இருக்கும் தனி உரிமை, பழைய சம்பளத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பதுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சம்பள வரம்பில் இடமோ வேறு சலுகையோ தேட வேண்டும். மாறாக அவர் மந்தமாக ஆடினால், இருந்துவிடுவார். நன்றாக ஆடினால் ஆள் போவார், ஆடாவிட்டால் தங்குவார். எப்படியானாலும் லேக்கர்ஸ் நிர்வாகி ராப் பெலிங்கா 2026 கோடையிலும் இதே சந்தைக்கு நெட்டையர் தேடி வர வேண்டியிருக்கும்.