அடைப்புக்குறிக்குள் ஓர் அகராதி: காமில் கீலானியின் சிறுவர் நூல்கள்

நவீன அறபுச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடியாக மதிக்கப்பெறும் காமில் கீலானி (1897–1959), எகிப்திய அவ்காஃப் அமைச்சில் அலுவல் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1927இல் வெளிவந்த 'கடலோடி சிந்துபாத்' முதலாக, ஆயிரத்தோர் இரவுகள், இந்தியக் கதைகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், ஸ்விஃப்டின் கல்லிவர் எனப் பல திசைகளிலிருந்தும் கதைகளைக் கொணர்ந்து சிறுவர் கையில் சேர்த்தார். அப்பணியைப் போற்றி எழுதியோர் பலர். அந்நூல்கள் குழந்தைக்கு எவ்வாறு சொற்களைக் கற்பிக்கின்றன என்பதை நெருங்கி நோக்கியோர் சிலரே.

கீலானி எதிர்கொண்ட இடர் எளியதன்று. கெய்ரோவின் குழந்தை வீட்டில் கேட்டு வளரும் அறபு வேறு. நூலில் காணும் ஃபுஸ்ஹா எனும் செவ்வறபு வேறு. சாளரம் நூலில் 'நாஃபிதா', வீட்டில் 'ஷிப்பாக்'. மூக்கு நூலில் 'அன்ஃப்', தாயின் வாயில் 'மனாகீர்'. ரொட்டியை நூல் 'குப்ஸ்' என்னும். கெய்ரோவின் தெருவோ அதனை 'ஐஷ்' என்றே அழைக்கும். (வளைகுடா நாடுகளில் தொழில்புரிந்து மீண்ட நம்மவர்க்கு 'குபூஸ்' என்ற சொல் பழக்கமாகையால், இவ்வகையில் அவர்கள் எகிப்தியக் குழந்தையைவிட நூலுக்கு அணுக்கமானவர்கள்!) ஆகவே, அறபுக் குழந்தை முதல் நூலைத் திறக்கும்போது எழுத்தை மட்டுமல்லாது, தான் முன்பே பெயர் அறிந்த பொருள்களுக்கு இரண்டாம் பெயர்களையும் கற்க வேண்டியதாகிறது.

இதற்குக் கீலானி கண்ட விடை மூன்று கூறுகளைக் கொண்டது. பேச்சு வழக்கை அவர் அறவே விலக்கினார். சொற்களுக்கு முழுமையாக உயிர்க்குறியிட்டார். இதன் பயன் பெரிது. காஃப், தா, பா ஆகிய மூன்றெழுத்தும் குறியின்றி நின்றால் 'கதப' (எழுதினான்) என்றும், 'குதிப' (எழுதப்பட்டது) என்றும், 'குதுப்' (நூல்கள்) என்றும் படிக்க இடமுண்டு. இலக்கணம் அறிந்தோர் பொருளை வைத்து ஒலியை உய்த்துணர்வர். குழந்தையோ ஒலியை வைத்தே பொருளை எட்ட வேண்டும். மூன்றாவதாக, அருஞ்சொல் வருமிடத்தில் அதன் எளிய பொருளை அடைப்புக்குறிக்குள் உடன் தந்தார். வாசகன் அகராதியைத் தேடி எழ வேண்டியதில்லை. அகராதியே கதைக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது.

இம்மூன்றாம் உத்தியே விவாதத்திற்குரியது. கீலானி சிறுவர்க்கெனத் திருத்தி எழுதிய நூல்களுள் இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தலூசிய மெய்யியல் நூலொன்றைப் பள்ளிச் சிறுவரிடம் கொண்டுசெல்லத் துணிந்தமையே வியப்புக்குரியது. தனித்தீவில் மானால் வளர்க்கப்பட்ட ஹய், விலங்குகளின் ஒலிகளைப் போலச் செய்வான். மனித மொழி அறியான். பின்னர் அத்தீவுக்கு வரும் அப்ஸால் பொருள்களைச் சுட்டிக்காட்டி, பெயர்களைத் திரும்பத் திரும்ப ஒலித்து, அவனையும் ஒலிக்கச் செய்து மொழியைப் புகட்டுவதாக மூலநூல் கூறுகின்றது. இங்கே சொல் ஒரு மனிதனின் வாயிலிருந்து, அவன் விரல் காட்டும் பொருளோடு சேர்ந்து வருகிறது. மக்கத்துக் குறைஷியர் தம் மழலையரைப் பாலைநிலக் குலங்களிடம் அனுப்பி வளர்த்த மரபிலும் தூய மொழி செவிவழியாகவே ஊட்டப்பட்டது.

கீலானியின் அடைப்புக்குறி, அப்ஸாலின் விரலுக்குப் பதிலாக அச்சில் நிறுத்தப்பட்ட ஒன்று. ஓரளவு படிக்கப் பழகித் தனித்து வாசிக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு அது உறுதியாக உதவும். ஆயின், ஐந்து வயதுக் குழந்தையை அருகிருத்தி ஒருவர் உரக்க வாசிக்கையில் அதுவே இடறுகல்லாகின்றது. புயலில் கலம் சிதறும் வேளையில் கதை நின்று பொருள் கூறுகிறது, அலை ஓய்ந்துவிடுகிறது. நம் மதிப்பீட்டில், அருஞ்சொல்லின் பொருளை நிகழ்ச்சியே புலப்படுத்துமாறு கீலானி விட்டுவிடும் பக்கங்களே அவருடைய சிறந்த பக்கங்கள். ஒரே கருத்து வெவ்வேறு சொற்களில் மீண்டும் வரும் தொடர்களும் அத்தகையனவே. செவிக்கு அவை இயல்பாய் இசைகின்றன.

உரக்க வாசித்தலின் வலிமைக்குச் சான்று உண்டு. செவ்வறபு மழலையர்க்கு எட்டாதென்ற எண்ணம் பரவலாயிருந்த சூழலில், இஸ்ரேலிலுள்ள அறபு மழலைப் பள்ளிகளில் தீனா ஃபைட்டல்சன் குழுவினர் ஓர் ஆய்வை நிகழ்த்தி 1993இல் வெளியிட்டனர். ஐந்து மாதங்கள் நாள்தோறும் செவ்வறபில் கதை கேட்ட குழந்தைகள், அவ்வாறு கேளாதோரைவிட அம்மொழியை நன்கு விளங்கிக்கொண்டனர். படங்களைக் கண்டு கதை கூறும்போதும் வளமான மொழியைக் கையாண்டனர். அவர்களுக்கு அடைப்புக்குறி ஏதும் புலப்பட்டிருக்க வழியில்லை. வாசித்தவரின் குரலும் முகமும் அவ்விடத்தை நிரப்பின.

கீலானி மறைந்த அதே 1959இல், 'இரட்டை வழக்கு' பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை மொழியியலாளர் சார்ள்ஸ் ஃபெர்கூசன் வெளியிட்டார். அறபை முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்ட அக்கட்டுரை தமிழையும் குறிப்பிடுகின்றது. அக்குறிப்பு நமக்கு அயலானதன்று. 'அவன் வீட்டிற்குச் சென்றான்' என்று நூலில் இருப்பதை 'அவன் வீட்டுக்குப் போனான்' என்று மாற்றி வாசிக்காத தமிழ்ப் பெற்றோர் அரியர். அன்பினால் செய்யும் அம்மாற்றத்தால், குழந்தை நூலிலிருந்து பெறவேண்டிய சொல் பெற்றோரின் கண்ணோடு நின்றுவிடுகின்றது. நூலின் தொடரை உள்ளவாறே ஒலித்துவிட்டு, பின் வீட்டுமொழியில் அதைப்பற்றி உரையாடுவதே தக்கது. அப்போது இரு வழக்கும் ஒரே மடியில் அமர்ந்து குழந்தைக்கு அறிமுகமாகும். பேச்சு வழக்கைப் பகையாகக் கருதிய கீலானி இவ்வாய்ப்பைத் தம் நூல்களில் கண்டிலர். அவர் காலத்துப் பள்ளிச்சூழல் அதற்கு இடந்தந்திருக்குமா என்பதும் ஐயமே.

ஹிந்தாவி நிறுவனம் கீலானியின் கதைகள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டுள்ளது. அறபு மத்ரஸாக்களில் ஆரம்ப வகுப்புக்குப் பாடநூல் தேடுவோர் அவற்றுள் சிறியதொன்றை எடுத்து, அடைப்புக்குறிகளைத் தாண்டி உரக்க வாசித்துப் பார்க்கலாம். மாணவன் இடைமறித்து ஒரு சொல்லின் பொருளைக் கேட்பானாயின், அதை ஆசிரியரே தம் வாயால் சொல்லட்டும்.