மூங்கில் பரிசலில் ஒரு நதிப் பரீட்சை

கல்வராயன் மலைச்சரிவில் உற்பத்தியாகிச் சங்கராபுரத்துச் சுற்றுப்புற வயல்களுக்கு ஜீவனாக விளங்கும் மணிமுக்தா நதியைப் பிள்ளைப் பிராயம் முதல் பார்த்து வளர்ந்த எனக்கு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சில தினங்கள் மட்டும் செந்நிறப் பிரவாகமாகப் பாறைகளில் மோதி இறங்கிப் பின் மணலுக்குள் ஒடுங்கிவிடும் அந்த ஜலத்தின்மீது ஓடமேறிச் செல்ல வேண்டுமென்னும் ஆசை நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆனால் மணிமுக்தாவின் வெள்ளமும் அதன் சகோதரியான கோமுகியின் வெள்ளமும் மலையில் மழை பொழிந்த வேகத்திலேயே பெருகி அதே வேகத்தில் வடிந்துவிடுபவை. பழக்கமில்லாதவன் அவற்றில் ஓடம் விடுவது பிராணனைப் பணயம் வைப்பதாகும். ஆகவே, பாறைகளுக்கிடையே விரைந்தோடும் நீரில் எந்த வாகனம் நம்பத்தக்கது என்பதை நேரில் அறிய விரும்பி, தருமபுரி, பென்னாகரம் மார்க்கமாகக் காவிரிக்கரை ஒகேனக்கல்லுக்குச் சென்றேன்.

நான் பரீட்சித்த வாகனம் மூங்கில் பரிசல். ஏறக்குறைய ஏழடி விட்டமுள்ள ஒரு பெரிய கூடை என்று அதனைச் சொல்லிவிடலாம். மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பைத் தடித்த கட்டாக முடித்து, அடிப்புறத்தில் நீர் புகாதபடி உறை போர்த்தியிருக்கிறார்கள். முற்காலத்தில் அவ்வுறை மாட்டுத்தோலாக இருந்தது; இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அதன் ஸ்தானத்தைப் பெற்றிருக்கின்றன. யூப்ரடீஸ் நதியில் கழுதையையும் சரக்கையும் ஏற்றிவந்த வட்டமான தோல் ஓடங்களைக் கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் வர்ணித்திருக்கிறார்; விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸும் அங்கே மனிதரையும் குதிரைகளையும் நதி கடத்திய கூடையோடங்களைக் கண்டு எழுதிவைத்தார். இவ்வளவு பழமையான சாதனம் இன்றும் தொழிலில் இருப்பதற்குக் காரணம் வெறும் வழக்கமன்று, அதன் உருவத்திலேயே அடங்கியிருக்கும் யுக்தி என்பதை ஒருமுறை ஏறிச் சென்றவர் அறிவார்.

கோத்திக்கல் துறையில் ஏறினோம். ஏறும்போதே முதல் பாடம் கிடைத்தது: விளிம்பில் மிதித்தால் பரிசல் சாய்ந்துவிடும், நடுவில் பாதம் வைத்து உடனே அமர்ந்துவிட வேண்டும். பாரம் அடித்தளத்தில் தாழ்ந்திருக்கும்வரையில் அது அசையாத நிதானத்துடன் மிதக்கிறது. "ஐயா, கையை விளிம்புக்கு வெளிய விடாதீங்க, பாறை உரசிடும்" என்று எச்சரித்துவிட்டு, பரிசலோட்டி முன்புற விளிம்பருகே அமர்ந்து துடுப்பை எடுத்தார். அவர் பின்னால் அமர்ந்து நீரைத் தள்ளவில்லை. முன்னால் துடுப்பை ஊன்றி நீரைத் தம்மை நோக்கி இழுத்தார். வட்டமான பாத்திரத்தைப் பின்னிருந்து தள்ளினால் அது நின்ற இடத்திலேயே சுழலும். முன்னிருந்து இடமும் வலமுமாக மாறிமாறி இழுத்தாலொழிய நேராகச் செல்லாது. நானும் அவர் அனுமதியுடன், அமைதியான மடுவொன்றில் துடுப்பை வாங்கிப் பிரயத்தனம் செய்தேன்; பத்து இழுப்புகளுக்குள் தோள்பட்டை சோர்ந்தது, பரிசலோ மூன்று முறை சுற்றியது. பரிசலோட்டியின் இரு கரங்களின் தேர்ச்சியும் வாகனத்தின் ஓர் உறுப்பே என்பதை அப்பொழுது உணர்ந்தேன்.

பெரியபாணிப் பக்கம் நீர் பாறைகளுக்கிடையே ஒடுங்கி வேகம் கொள்ளும் இடத்தில்தான் உண்மையான பரீட்சை நிகழ்ந்தது. நீரில் மூழ்கிய ஒரு பாறை எங்கள் பாதையில் இருந்தது. பரிசல் அதன்மேல் ஏறிற்று. காலடியில் மூங்கில் பின்னல் மெல்ல வளைந்து மேலெழுந்து மறுபடியும் சமனாவதை என் உள்ளங்காலால் உணர்ந்தேன். அடுத்த பாறையில் பக்கவாட்டில் மோதியபோது, முன் பின் என்ற பேதமில்லாத அவ்வட்டம் தானே அரைச்சுற்றுச் சுழன்று நழுவிச் சென்றுவிட்டது. கேரளத்துக் கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரியை ஒட்டிய சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் 2013 முதல் நடைபெற்றுவரும் மலபார் நதி விழாவில் கயாக் என்னும் ஒற்றையாள் ஓடங்கள் பாய்வதைக் கண்டவர்கள் வட்டப் பரிசலுக்கும் நீண்ட ஓடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்கறிவர். நீண்ட ஓடம் குறுக்காகத் திரும்பிப் பாறையில் சிக்கினால், பிரவாகம் அதனை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

ஆயினும் கயாக்கிற்குரிய மேன்மையை மறைப்பது நியாயமன்று. அதன் மேற்புறம் மூடியிருப்பதால் அலை உள்ளே புகாது. கவிழ்ந்தாலும் பயின்றவர் இருக்கையைவிட்டு எழாமலே துடுப்பின் வீச்சால் நிமிர்ந்துகொள்ளலாம். பரிசலோ திறந்த பாத்திரம். உள்ளே புகுந்த நீர் தானாக வெளியேறாது. கவிழ்ந்தால் நடுவெள்ளத்தில் அதனை நிமிர்த்துவது இயலாத காரியம். அருவியின் அடியில் மடங்கிச் சுழலும் நீருக்கு இது உகந்த வாகனம் அன்று. ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து மாண்டவர்கள் உண்டு. எனவே இக்குறையை மனத்தில் ஆழமாகக் கொள்ள வேண்டும். உயிர்காப்பு உடுப்பை அணிந்தால் மட்டும் போதாது; வார்களின் பூட்டுகள் யாவும் இறுகுகின்றனவா, தோளைப் பற்றித் தூக்கினால் முகவாய்க்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து மிகுந்து, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்திருக்கும் நாட்களில், எவர் எவ்வளவு ஆசை காட்டினாலும் ஏறலாகாது.

இழைக்கண்ணாடியால் வார்த்த பரிசல்களும் இப்போது வழக்கத்தில் இருக்கின்றன. அவை அழுகா, அடிக்கடி தார் பூசும் சிரமமும் இல்லை. அசையாத நீர்த்தேக்கத்தில் உல்லாசமாகச் சுற்றுவதற்கு அவை சிலாக்கியம். ஆனால் வளைந்துகொடுக்கும் குணம் அவற்றுக்கு இல்லாமையால், பாறை நிறைந்த ஓடுநீருக்கு மூங்கிலையே நான் தேர்ந்துகொள்வேன்.

திரும்பிக் கரையேறியதும் பரிசலோட்டி வாகனத்தைக் கவிழ்த்துத் தலைமீது ஏந்திக்கொண்டு மேட்டில் நடந்தார். அவர் அதனை இறக்கி வைத்தபின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தேன். பாறையேறிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தார் உரிந்து விரிப்பு வெளிப்பட்டிருந்தது. உட்புறத்தில் மூங்கில் ஒரு பட்டைகூட முறியவில்லை.

"சாயந்தரம் தார் காய்ச்சி ஊத்திட்டாப் போதுங்க, காலையில மறுபடி தண்ணியில விட்டுடலாம்" என்றார் அவர்.