பெட்டியும் பியானோவும்

முன்னேற்பாடு எதுவுமின்றி ஒருவர் தனியாக வாசித்த பியானோக் கச்சேரியை இசைத்தட்டில் கேட்பதே ஒரு முரண். அந்த நேரத்துக்கென்று பிறந்த இசை எந்த நேரத்துக்கும் உரியதாகிவிடுகிறது. அப்படியும் நூறாவது முறை கேட்கும்போது நெஞ்சு அடைப்பது ஏன்?

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் கொலோன் கச்சேரியில்தான் தொடங்க வேண்டும். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கம், இரவு பதினொன்றரை மணிக்கு மேல். கேட்டிருந்த பெரிய பியானோ வரவில்லை. கிடைத்த சிறிய போசன்டார்ஃபரில் மேல்ஸ்தாயி தகரமாக ஒலித்தது; கீழ்ஸ்தாயியில் கனமில்லை; மிதிகட்டைகளும் ஒழுங்காக இல்லை. வாசிக்கவே மனமில்லாதிருந்தவர் உட்கார்ந்து, மத்திய ஸ்தாயியை விட்டு அதிகம் விலகாமல், இடக்கையால் ஓரிரு சுரக்கூட்டுகளையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். கருவியின் ஊனமே அந்த இசையின் உருவத்தைத் தீர்மானித்தது.

நம் காதுக்கு அந்த இடக்கை அந்நியமில்லை; சுருதி செய்யும் வேலையை அது செய்கிறது. இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸ் 1958-இல் பதிவுசெய்த ‘பீஸ் பீஸ்’ படைப்பிலும் இதே ஏற்பாடுதான்: கீழே அசையாத ஓர் அடித்தளம், மேலே அலைகிற வலக்கை. அடித்தளம் மாறாததால் மேலே நடக்கும் ஒவ்வொரு விலகலும் துல்லியமாகக் கேட்கிறது. இது ஆலாபனை கேட்டுப் பழகியவருக்குப் புதிதல்ல.

என் கணிப்பில் உணர்ச்சி பிறப்பது தயக்கத்தில். எழுதிய இசையில் மௌனம் ஓர் அளவு; இங்கே அது ஒரு முடிவு எடுக்கப்படும் கணம். ஜாரெட்டின் முனகலும் காலால் தரையைத் தட்டும் ஓசையும் தட்டில் அப்படியே இருக்கின்றன. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அதில்லாத ஜாரெட் பாதி ஜாரெட்.

தமிழில் இதற்கு நிகர் தேடினால் நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குத்தான் போகவேண்டும். கோயில் வீதியில் மணிக்கணக்கில் விரிந்த ராகம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே பிடிக்கும் தட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. நெருக்கடி அங்கேயும் உருவத்தைச் செதுக்கியது.

பியானோவில் தோடியை அப்படியே எடுக்க முடியாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழுக்க வழியில்லை, கமகம் நிற்காது. பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன் பாடகர் சிக்கில் குருசரணுடன் சேர்ந்தபோது கமகத்தைக் குரலிடம் விட்டுவிட்டுப் பியானோவுக்கு இடைவெளியைக் கொடுத்தார். புத்திசாலித்தனமான வழி. ராகத்தைக் கட்டைகளில் நகலெடுக்கும் முயற்சிகள் என்னை அவ்வளவாக அசைத்ததில்லை.

ஆர்மோனியத்துக்கும் இதே குறை உண்டு. அதைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடைசெய்தது; எழுபதுகளில்தான் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தை நாடக மேடையில் வாழவைத்த கம்பம் பள்ளத்தாக்கின் கதை இங்கே வந்து சேர்கிறது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரம் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த பூமி. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி எந்தக் கட்டையில் எடுத்தாலும் பிடித்துக்கொண்டு, நாரதர் தர்க்கத்தை நீட்டினால் தானும் நீட்டி, பின்பாட்டும் பாடி விடியவிடிய இழுத்துச் செல்பவர் ஆர்மோனியக்காரர். அவர் வாசிப்பதும் அந்தந்தக் கணத்தில் பிறப்பதுதான். வானொலிக் கதவு மூடியிருந்த முப்பது ஆண்டுகளில் இந்தக் கைகளுக்கு அந்த மேடைகளே கதி.

அதே வட்டாரத்தின் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்துக்கு மலையேறிப் போனார். கூட்டத்தின் முகம் பார்த்து மெட்டையும் சொல்லையும் மாற்றும் அந்தப் பள்ளியில் தேறிய தம்பி இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ கற்றபின் நேர் எதிர்த்திசைக்குப் போனார்: ஒவ்வொரு வயலினுக்கும் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிக் கொடுப்பவர் அவர். 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் அந்தக் கணத்தில் தோன்றியதுபோல் கேட்கும் இடங்கள் உண்டு. அந்தத் தோற்றத்தையும் எழுதியே உண்டாக்கலாம் என்று காட்டியதை அவருடைய பெரிய வித்தைகளில் ஒன்றாகச் சொல்வேன்.

ஜாரெட்டின் பயணம் மறுதிசை. கொலோன் கச்சேரியைச் சுரப்படுத்தி அச்சிட நீண்டகாலம் மறுத்தவர், பிறகு இணங்கியபோதும் தாளை நம்பாதீர்கள், பதிவே இறுதி ஆதாரம் என்று முன்னுரையில் வற்புறுத்தினார். நாடகக் கொட்டகையின் ஆர்மோனியக்காரருக்குத் தாள் எப்போதுமே இருந்ததில்லை. வானொலி தராத ஒலிப்பதிவை இப்போது ஒரு கைபேசியே தந்துவிடும். வள்ளி திருமணம் போடும் ஊர்களில் நடிகர் முகத்துக்கு எதிரே நீட்டும் ஒலிவாங்கிகளில் ஒன்றையாவது ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில், இரவு முழுக்க, வெட்டாமல் ஓடவிட வேண்டும்.